பி.எம்.கிசான்: பட்டாவுக்கு வரும் பணம்

சொந்த நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைதான் பி.எம்.கிசான். ஒரு தவணை 2,000 ரூபாய்க்கு என்ன வரும்? டிஏபி உரம் ஒரு மூட்டை 1,350, யூரியா இரண்டு மூட்டை 530 சொச்சம், மிச்சம் வண்டி வாடகைக்கு. குறுவையில் ஒரு ஏக்கர் உரச்செலவு ஏறக்குறைய ஒப்பேறிவிடும். நடவுக்கூலி, அறுப்பு இயந்திர வாடகைப் பக்கமெல்லாம் அது தலைகாட்டாது. 2019இல் தொடங்கும்போது ஆண்டுக்கு 6,000 என்று வைத்தார்கள். டீசல் ஏறியது, கூலி ஏறியது, இது மட்டும் ஏறவில்லை.

மன்னார்குடி பக்கம் அம்மா பேரில் ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலம் இருக்கிறது. பணம் அம்மா பேருக்குத்தான். யாரிடமும் தலையைச் சொறியாமல் நான்கு மாதத்துக்கு ஒரு தரம் கணக்கில் விழுகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம். நடுவில் வேறு கை நுழையவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2020இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கம் விவசாயமே செய்யாதவர்களை ஆயிரக்கணக்கில் பட்டியலில் ஏற்றிப் பணம் எடுத்து, சிபிசிஐடி வரை போனது.

இப்போது இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது, இல்லாமல் தவணை கிடையாது. நாற்பது வருடம் நாற்றுப் பறித்த கை என்பதால் அம்மாவின் ரேகை கருவியில் விழவே இல்லை. செயலியில் முகத்தைக் காட்டி முடித்தோம். அப்புறம் ஒரு தவணையைக் காணோம். பாஸ்புக்கில் வரவில்லை, இணையத்தில் பார்த்தால் 'செலுத்தப்பட்டது' என்கிறது. கடைசியில் பார்த்தால், நூறு நாள் வேலைக்காகத் திறந்த பழைய கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆதார் எந்தக் கணக்கோடு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் போகும், நாம் எழுதிக் கொடுத்த கணக்குக்கு அல்ல. இதை வங்கியில் ஒருவர் முதலிலேயே சொல்லியிருந்தால் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பட்டா இருப்பவர்கள் இந்தத் திட்டத்துக்கு அஞ்சு நட்சத்திரத்துக்கு மூன்றரை தரலாம். ஆனால் எங்கள் பக்கத்து வயல் பெரியப்பாவிடம் கேட்டால் நட்சத்திரம் ஒன்றுகூடத் தரமாட்டார். அவர் பார்ப்பது கோயில் நிலம். அப்பா காலத்திலிருந்து குத்தகை, நெல்லாக அளக்கிறார். நிலம் கோயிலின் பேரில் இருக்கிறது. நிறுவனங்களின் நிலத்துக்குத் திட்டம் கிடையாது, குத்தகைக்காரருக்கும் கிடையாது. "ஏம்ப்பா, சேத்துல நிக்கிறவன் நான். எனக்கு ஏன் வரல?" என்று ஒவ்வொரு தவணைக்கும் கேட்பார். நான் என்ன சொல்வது? அதே தெருவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டவர், வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். வருமான வரி கட்டாதவர், பட்டா அவர் பேரில். அவருக்கு வருகிறது. டெல்டாவில் கோயில், மடத்து நிலம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஓட்டையின் அகலம் புரியும். இதை அடைக்காமல் 6,000த்தை 12,000 ஆக்கினாலும் பெரியப்பாவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

புதிதாகப் பதிகிறவர்களுக்கு: 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலம் என்றால் கிடைக்காது, வாரிசாக வந்திருந்தால் உண்டு. பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இணையதளத்தில் நிலம், இ-கேஒய்சி, ஆதார்–வங்கி இணைப்பு மூன்றுக்கும் 'ஆம்' என்று வருகிறதா என்று தவணைக்கு ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். தவணை வாரத்தில் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது.