காலை நடைக்காரர்களின் தள்ளுவண்டி: சாயங்கால பஜ்ஜி ஆசையை அடக்குமா?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம், ஈகோ பார்க் பக்கம் விடிகாலையில் நிற்கும் வண்டிகளில் முளைகட்டிய பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த முட்டை, வேகவைத்த நிலக்கடலை, சத்துமாவுக் கஞ்சி, கம்பங்கூழ், அருகம்புல் சாறு என்று பலதும் கிடைக்கும். பலரும் எடையையும் சர்க்கரையையும் நினைத்து வாங்குகிறார்கள். இங்கே பார்ப்பது வேறு கேள்வி. காலையில் இந்த வண்டியில் சாப்பிட்டால், சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்ததும் வாய் ஊறுவது குறையுமா?

குறையும். ஆனால் ஒரு கப் பயறைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் குறையாது. வண்டியில் இருக்கும் சரக்கு சரியானது, அளவுதான் பற்றாது.

டீக்கடை அளவுப் பேப்பர் கப்பில் கோபுரமாக நிரப்பினாலும் 75 கிராம் முளைப்பயறுதான் பிடிக்கும். அதில் புரதம் 6 கிராமுக்குச் சற்று மேலே. அதே கப்பில் சுண்டல் என்றால் 6 கிராம். ஒரு முழு முட்டையிலும் 6 கிராம். பசி, ஆசை இரண்டையும் மாலைவரை பிடித்து நிறுத்தியதாக ஆய்வில் வந்த காலை உணவில் இருந்தது 35 கிராம். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஹெதர் லெய்டி குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. காலை உணவைத் தவிர்க்கும் பழக்கமுள்ள, உடல் எடை கூடிய 20 இளம்பெண்களுக்கு 350 கலோரியில் இரண்டு வகைக் காலை உணவு கொடுத்தார்கள்: ஒன்றில் 13 கிராம் புரதம், மற்றதில் 35. இரவு உணவுக்கு முன்னால் உணவுப் படங்களைக் காட்டி மூளையை எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்தபோது, 35 கிராம் நாளில் உணவு நாட்டத்தோடு தொடர்புள்ள பகுதிகளின் துடிப்பு தணிந்திருந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் குறைந்து, வயிறு நிறைந்தது என்று சொல்லும் பி.வொய்.வொய். ஹார்மோன் கூடியிருந்தது. காலையில் சாப்பிடாத நாளோடு ஒப்பிட்டால், இரவில் கொழுப்புப் பண்டம் கொறிப்பதும் குறைந்தது.

நமக்கு இதில் முக்கியம் அந்த 13 கிராம். நாலு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் சேர்ந்தால் 11, 12 கிராம்தான் வரும். அங்கே இரண்டில் குறைவாக இருந்த அளவுதான் நம் ஊரில் ஒழுங்கான காலைச் சாப்பாடு.

ஆகவே வண்டியில் இப்படிக் கேளுங்கள்: மூன்று முட்டை, ஒரு கப் சுண்டல், ஒரு கப் பயறு. 30 கிராம் புரதம், ஏறத்தாழ 400 கலோரி. மஞ்சள் கருவை எடுத்துப் போடச் சொல்கிறவர்கள் முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இழக்கிறார்கள். மருத்துவர் தடுக்காதவரை முழுதாகத் தின்பதே நல்லது. முட்டை தொடாதவர்களுக்கு ஆவின் பாலகத்துப் பனீர் 100 கிராம், அல்லது 35 கிராம் மீல் மேக்கரை ஊறவைத்து வேகவைத்தது, மூன்று முட்டைக்கு ஈடு. நிலக்கடலையிலும் புரதம் உண்டு. ஆனால் வேகவைக்கும் முன் 30 கிராம் இருக்கும் உலர்ந்த கடலையில் 7 கிராம் புரதத்தோடு 170 கலோரியும் வருகிறது, அதனால் கொசுறாக மட்டும் போதும்.

சத்துமாவுக் கஞ்சியை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். ஒரு டம்ளருக்கு 30 கிராம் மாவு போட்டால் புரதம் 3, 4 கிராம்தான். மாவில் பெரும்பங்கு தானியம், மேலே நாட்டுச்சர்க்கரை. அதோடு மடமடவென்று குடித்துவிடுவதால், மென்று தின்பது தரும் நிறைவும் கிடைக்காது. கம்பங்கூழும் புரதக் கணக்கில் அப்படித்தான். வெயிலுக்கும் தாகத்துக்கும் அது அருமை, அதற்காகக் குடியுங்கள். அருகம்புல் சாற்றில் சொல்லும்படி புரதமே இல்லை.

பச்சையாக வைத்திருக்கும் முளைப்பயறில் ஒரு ஆபத்து உண்டு. ஈரமும் வெதுவெதுப்பும் முளை வர ஏற்றவை, சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கும் ஏற்றவை. மதுரைச் சூட்டில் இரவெல்லாம் துணியில் கட்டிய பயறு வழவழப்பாக இருந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ வாங்காதீர்கள். ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்துத் தரும் வண்டி கிடைத்தால் அங்கேயே வாடிக்கை வையுங்கள். சுண்டலில் விரலால் ஒரு கடலையை நசுக்கிப் பாருங்கள். மாவாக உடைய வேண்டும். எட்டு மணி நேரமாவது ஊறாத கடலை நடுவில் கல்லாக நிற்கும், வயிறு உப்பும், மறுநாள் ஆள் இட்லிக்கே திரும்பிவிடுவார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எந்த ஆசை அடங்கும் என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. அதே குழுவின் 2014 ஆய்வில், எந்தக் காலை உணவு சாப்பிட்டாலும் இனிப்பு ஆசை குறைந்தது. காரசார உப்புப் பண்டங்களின் ஆசை புரதம் கூடியபோது இன்னும் குறையும் போக்கைக் காட்டியது. புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம்தான், உணவு தரும் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைன் மூளையில் உருவாக மூலப்பொருள். அதனால் டோபமைன் சிதைந்து வரும் ஹோமோவனிலிக் அமிலத்தை அவர்கள் ரத்தத்தில் அளந்தார்கள். புரத நாளில் அது மதியச் சாப்பாட்டு நேரம்வரை தாழாமல் நின்றது. நெதர்லாந்தில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள்: இரண்டு வார அளவுக்குப் புரதம் குறைத்துச் சாப்பிட்டவர்களின் மூளை, உப்புக் கார உணவின் வாசனைக்கு அதிகமாகத் துள்ளியது. சிம்மக்கல் பக்கம் சால்னா வாசனையில் கால் தானாக நிற்கிறவர்களுக்குப் பொருந்தும் செய்தி இது.

ஆகவே இந்த வண்டிச் சாப்பாடு பஜ்ஜி, பரோட்டா, முள்ளுமுருங்கை வடை ஆசைக்கு நன்றாகக் கை கொடுக்கும். ஜிகர்தண்டா ஆசைக்குப் புரதம் கூடுதலாக உதவும் என்று எதிர்பார்க்க வேண்டாம். லெய்டி குழுவின் ஆய்வுகள் சிறியவை, ஒரு வாரக் கணக்கில் நடந்தவை. அதனால் ஒரு நாள் தின்றுவிட்டுத் தீர்ப்பு எழுதாமல், ஏழு நாளாவது தொடர்ந்து 30 கிராம் எடுத்து, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆசையைப் பத்துக்கு எத்தனை என்று குறித்து வையுங்கள். வண்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 150 கிராம் பிடிக்கும் பெரிய கப் ஒன்று வையுங்கள், உப்பைத் தனியாகக் கொடுங்கள்.