ஆசனவாய் அரிப்புக்கு ஜிங்க் ஆக்சைடு களிம்பு: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

ஆசனவாய் அரிப்பை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஜிங்க் ஆக்சைடு அரிப்பை உடனே அடக்கும் மருந்து இல்லை. தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். லேசான மலக்கசிவும் வியர்வையும் தோலில் படாமல் காக்கும். புண்ணான தோல் அந்த இடைவெளியில் தானாக ஆறும். எனக்கும் மெதுவாகத்தான் பலன் தெரிந்தது. முதலில் எரிச்சல் தணிந்தது, அப்புறம்தான் நடுராத்திரி விழிப்பு நின்றது.

பூசும் முன் தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பட்டாணியில் பாதி அளவு போதும். அப்பினால் வெள்ளையாகத் திரண்டு, அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கழுவும்போது பழைய களிம்பைச் சுரண்ட வேண்டாம். மேலே படிந்த அழுக்கு போனால் போதும். குறை என்றால், உள்ளாடையில் வெள்ளைக் கறை படிகிறது, துவைத்தாலும் லேசில் போவதில்லை.

களிம்பு மட்டும் போதாது. தோல் மருத்துவர் முதலில் நிறுத்தச் சொன்னது சோப்பையும் ஈரத் துடைப்பான்களையும். இந்த இடத்தை அளவுக்கு மீறிச் சுத்தம் செய்வதே பலருக்கு அரிப்பைக் கிளப்புகிறது. சில துடைப்பான்களில் சேர்க்கும் மெதில்ஐசோதயசோலினோன் என்ற பதப்பொருள் ஒவ்வாமை தரக்கூடியது. காபியைக் குறைத்ததும் எனக்கு நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது. காரம், தக்காளி, சாக்லேட், பீர் ஆகியவையும் சிலருக்கு ஆகாது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால்தான் புரியும். தூக்கத்தில் சொறிவதைத் தடுக்க நகத்தை ஒட்ட வெட்டினேன். சொறியச் சொறிய தோல் புண்ணாகி அரிப்பு கூடும் என்பதால் இதை விடக் கூடாது.

ஹைட்ரோகார்ட்டிசோன் 1% என்ற ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை வேகமாக அடக்கும், உண்மைதான். ஆனால் மருத்துவர் சொன்ன சில நாட்களோடு நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துவிடும். மரத்துப்போக வைக்கும் பென்சோகெய்ன் வகைக் களிம்புகளை நான் தொடுவதில்லை. அவையே ஒவ்வாமை தரலாம்.

இப்போது தினமும் பூசுவதில்லை. வயிற்றுப்போக்கு வந்தாலோ, வியர்வை அதிகமானாலோ மட்டும்தான்.

எல்லா அரிப்புக்கும் இது சரிவராது. இரவில் மட்டும் அரித்து, வீட்டில் குழந்தைகளும் சொறிந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். பெண் புழு இரவில் வெளியே வந்து முட்டையிடும். அதற்கு வீட்டில் எல்லோரும் குடற்புழு மருந்து சாப்பிட்டு, 2 வாரம் கழித்து இன்னொரு முறையும் சாப்பிட வேண்டியிருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் பூஞ்சைத் தொற்றா என்று பாருங்கள். மூலம், வெடிப்பு, சொரியாசிஸ்கூடக் காரணமாகலாம். ரத்தம், கட்டி, சீழ் தென்பட்டாலோ, சில வாரங்களில் அடங்காவிட்டாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர்கள் அடிக்கடி பார்க்கிற பிரச்சினைதான் இது.