பெட்டியில் 7200, படத்தில் 3250: நெகட்டிவ் ஸ்கேனர்கள் ஓர் ஒப்பீட்டு அலசல்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற கடலை அண்டிய பகுதிகளில் பழைய நெகட்டிவ்களை அலுமாரிக்குள் வைத்திருப்போருக்கு ஈரப்பதமும் பூஞ்சணமும் தீராத தொல்லை. அவை முற்றாகப் பழுதடையுமுன் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஸ்கேனர் தேடத் தொடங்குபவர் முதலில் காண்பது பெட்டியின்மீது பெரிதாக அச்சிட்ட ஓர் எண்ணைத்தான். பிளஸ்டெக் ஒப்டிக்பிலிம் 8200i, 7200 டிபிஐ (அங்குலத்துக்கு 7200 புள்ளிகள்) என்கிறது. எப்சன் வி600, வி850 ஆகிய இரண்டும் 6400 என்கின்றன. உற்பத்தி நின்றுபோய், இப்போது பாவித்த பொருளாக மட்டுமே கிடைக்கும் நிக்கொன் கூல்ஸ்கேன் 5000 வெறும் 4000 என்கிறது. இந்த வரிசைப்படி நிக்கொனே கடைசி. ஆனால் 35 மில்லிமீட்டர் படச்சுருளிலிருந்து உண்மையில் கிடைக்கும் நுணுக்கத்தைக் கொண்டு வரிசைப்படுத்தினால் அதுவே முதலிடத்துக்கு வருகிறது.

உற்பத்தியாளர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. ஓர் அங்குலத்தில் உணரியும் மோட்டாரும் எத்தனை புள்ளிகளை எடுக்கின்றன என்பதையே டிபிஐ சொல்கிறது. அந்தப் புள்ளிகளுக்குத் தனித்தனியான விவரத்தை வில்லை கொண்டுவந்து சேர்க்கிறதா, குவியம் சரியாக விழுந்ததா, மோட்டார் அதிராமல் நகர்ந்ததா என்பவற்றை அது சொல்வதில்லை. அங்குல நாடாவை விட்டு மில்லிமீட்டர் நாடாவால் அளந்தால் துணி நீண்டுவிடாது.

இதைச் சோதிப்பதற்கு யுஎஸ்ஏஎஃப் 1951 என்னும் சோதனைத் தகடு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அதில் மும்மூன்று கோடுகள், நெடுக்கிலும் கிடையிலும், தொகுதி தொகுதியாகச் சிறுத்துக்கொண்டே போகும். அதை ஸ்கேன் செய்து திரையில் பெருப்பித்துப் பார்த்தால், ஒரு தொகுதியில் மூன்று கோடுகளும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். அடுத்ததில் இடைவெளிகள் கலங்கும். அதற்கும் அடுத்ததில் ஒரே சாம்பல் பட்டைதான் இருக்கும். கடைசியாகப் பிரிந்து தெரிந்த தொகுதியில் மில்லிமீட்டருக்கு எத்தனை கோட்டுச் சோடிகள் (ஒரு கோடும் அதையடுத்த இடைவெளியும் ஒரு சோடி) உள்ளனவோ அதை 50.8 ஆல் (சோடிக்கு இரண்டு புள்ளி, அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர்) பெருக்கினால் உண்மையான பிரிதிறன் டிபிஐ கணக்கில் வந்துவிடும். 7200 என்ற எண் மெய்யாக வேண்டுமானால் ஏறத்தாழ 142 சோடிகள் பிரிய வேண்டும். 8200i, 64 சோடிகளை அண்டி நின்றுவிடுகிறது. அதாவது சுமார் 3250 டிபிஐ. வி850 சுமார் 2300, வி600 சுமார் 1560. 4000 என்று அறிவித்த கூல்ஸ்கேன் 3900 அளவைத் தொடுகிறது.

இந்த வேறுபாட்டுக்கு விலை கொடுப்பது வன்தட்டு. 24-க்கு 36 மில்லிமீட்டர் சட்டமொன்றை 7200 டிபிஐயில், நிறமொன்றுக்கு 16 பிட் வீதம் எடுத்தால், ஏறத்தாழ 69 மெகாபிக்சல் கொண்ட, 400 மெகாபைட்டைத் தாண்டும் கோப்பு உருவாகும். அதற்குள் உள்ள விவரமோ 14 மெகாபிக்சலுக்கு உரியது. அந்த 14 மெகாபிக்சல் ஏ4 அளவையும் தாண்டித் தாராளமாக அச்சிடப் போதும் என்பதால், இந்த இயந்திரத்தின்மீது எனக்குக் குறையில்லை. அதன் பெட்டியின்மீதுதான் குறை.

எப்சனின் இவ்விரண்டையும் போன்ற தட்டை ஸ்கேனர்களை ஒரே அடியாக ஒதுக்கிவிடுவதும் தவறு. வி600 35 மில்லிமீட்டர் சட்டத்திலிருந்து தருவது மூன்று மெகாபிக்சலை ஒட்டியதே. அஞ்சலட்டை அளவுக்கு அது போதும், சுவரில் மாட்டுவதற்குப் போதாது. ஆனால் அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் எடுத்த கலியாணப் படங்களில் பல 120 சுருளின் சதுர நெகட்டிவ்கள். ஆறு சென்றிமீட்டர்ச் சதுரத்தை அதே வி600 ஏறத்தாழ 12 மெகாபிக்சலாகத் தருகிறது. மணப்பெண்ணின் கூறைச் சேலையில் ஓடும் சரிகைக் கரைகூடத் தெரியும். 7200 என்று சொல்லும் 8200i-க்குள் அந்தச் சதுர நெகட்டிவ் நுழையவே மாட்டாது. வி850-இல் நெகட்டிவ் தாங்கியின் உயரத்தை மாற்றிக் குவியத்தைச் சரிப்படுத்தலாம்; வி600-இல் அந்த வசதி இல்லை.

டிமேக்ஸ், அதாவது படச்சுருளில் எவ்வளவு அடர்ந்த கருமை வரை ஸ்கேனரால் படிக்க முடியும் என்று சொல்லும் எண்ணை நான் இன்னும் கூடுதலான சந்தேகத்துடன் பார்க்கிறேன். 16 பிட் என்றால் 65,536 படிகள். அதன் மடக்கை 4.8. கூல்ஸ்கேன் 5000-க்கு அறிவிக்கப்பட்ட டிமேக்ஸும் சரியாக 4.8. அது படச்சுருளின் கருமைக்குள் ஊடுருவி அளந்த எண் அல்ல, மின்சுற்றின் கணக்கு. உணரியின் இரைச்சல் அந்தப் படிகளில் பலவற்றை விழுங்கிவிடும். எப்சன் வி850-க்கு 4.0 என்கிறது. அதே 16 பிட்டை வைத்துக்கொண்டு 8200i-க்கு 3.6 என்று மட்டும் சொல்வது, இந்த ஒரு விடயத்தில், பிளஸ்டெக்கின் அடக்கம். சாதாரண நெகட்டிவ்வின் மிக அடர்ந்த பகுதிகூட 3-ஐத் தாண்டுவது அரிது என்பதால், ஸ்லைட் வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் இந்த எண்ணுக்காக ஒரு ரூபாவும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் எல்லோரும் கூல்ஸ்கேனையே தேட வேண்டுமா? கொழும்பில் இருந்துகொண்டு நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். உள்ளே இருக்கும் கண்ணாடியில் காலப்போக்கில் தூசிப் படலம் படிந்து மாறுபாட்டைக் குறைத்துவிடும்; கழற்றித் துடைக்கத் தெரிந்தவர் வேண்டும். நிக்கொனின் சொந்த மென்பொருள் இன்றைய கணினிகளைக் கைவிட்டுவிட்டதால் வியூஸ்கேன் போன்ற ஒன்றையும் வாங்க வேண்டியிருக்கும். தானியங்கிக் குவியம் அதன் பெரிய பலம் என்பதை மறுப்பதற்கில்லை. நிலைத்த குவியமுள்ள பிளஸ்டெக்கில் வளைந்த சுருள் ஓரங்களில் மங்குவது உண்டு.

தூசியையும் கீறலையும் அகற்றும் அகச்சிவப்பு வசதி நிறப் படச்சுருளில் நன்றாக வேலை செய்கிறது. வழமையான கறுப்பு வெள்ளை நெகட்டிவ்வில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. அகச்சிவப்பு அதையும் தடையென்றே காண்பதால் அங்கே அந்த வசதி உதவாது. கையிருப்பில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை என்றால், 8200i-க்குப் பதிலாக அகச்சிவப்பு இல்லாத, விலை குறைந்த 8100 போதும். பிரிதிறனில் இரண்டும் ஒன்றே. சிறு திரையுடன் வரும் மலிவுப் பெட்டிகள் சொல்லும் 22 மெகாபிக்சல் பெரும்பாலும் சிறிய உணரியின் படத்தை மென்பொருள் ஊதிப் பெருப்பித்தது; அவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பம்பலப்பிட்டியில் கடைக்குப் போனாலும், பாவித்ததை ஒருவரிடம் பார்க்கப் போனாலும், கூர்மையான உங்கள் சொந்த நெகட்டிவ் ஒன்றைக் கொண்டுபோங்கள். பின்னணியில் கடைப் பெயர்ப்பலகை விழுந்த வீதிப் படம் என்றால் மிக நல்லது. அதை முதலில் உச்ச டிபிஐயிலும், பிறகு அதன் பாதியிலும் எடுக்கச் சொல்லி, பாதியில் எடுத்ததை இருமடங்காக்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பலகையின் எழுத்துகள் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால், பெட்டியிலுள்ள எண்ணைப் பாதியாக்கிக்கொண்டு விலை பேசலாம்.