640 வெள்ளி போச்சு: பால்ஸ்க்ரூ வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

எனக்குப் பால்ஸ்க்ரூ விற்ற கடைக்காரர் இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். கொதிப்பு அடங்கவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

உலோகம் வெட்டுகிற என் சின்ன பெஞ்ச் மில்லை சிஎன்சியாக, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுகிற மாதிரி, மாற்றிக்கொண்டிருக்கிறேன். மேசையை எக்ஸ், ஒய் இரண்டு திசையிலும் நகர்த்த பால்ஸ்க்ரூ, அதாவது நட்டுக்குள் குண்டுகள் உருளுகிற திருகுத் தண்டு, தேவைப்பட்டது: 16 மில்லி தடிமன், 5 மில்லி பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்). தொழிற்பேட்டையில் மிஷின் உதிரிபாகம் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். "கிரைண்ட் பண்ணதுண்ணே, சி5, பிரீலோட் போட்டது, ஆட்டமே இருக்காது" என்றார். பிரீலோட் என்றால் நட்டுக்குள் இடைவெளி இல்லாதபடி இறுக்கி வைப்பது. நம்ம ஆள், தமிழிலேயே பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஒரு ஸ்க்ரூவை வைஸில் கடித்து, நட்டின் மேல் டயல் கேஜை வைத்து முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினார். முள் அசையவே இல்லை. அந்த முள்ளைப் பார்த்துத்தான் அங்கேயே 640 வெள்ளியை பேநௌவில் அனுப்பினேன். உள்ளே போய்ப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது வேறு!

மாட்டி ஓட்டினால், அலுமினியத்தில் வெட்டிய வட்டத்தில் திசை திரும்புகிற நாலு இடத்திலும் நகத்தில் தட்டுகிற படி. ஆட்டம் பேரிங்கிலா என்று பார்க்க ஸ்க்ரூ நுனியில் கேஜ் வைத்தேன், அசைவில்லை. நட்டில் வைத்தால் 0.12 மில்லி ஆட்டம்.

போன் செய்தால் முதலில் "மாட்டினது சரியில்லை". பிறகு "சாஃப்ட்வேர்ல பேக்லாஷ் நம்பரைப் போட்டுக்குங்கண்ணே". பேக்லாஷ் என்பது இந்த ஆட்டம்தான். சாஃப்ட்வேர் திசை மாறும்போது மோட்டாரைக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும், அவ்வளவுதான். கிளைம்ப் கட்டில், அதாவது கட்டரின் பல் போகிற திசையிலேயே மேசை நகர்ந்து வெட்டும்போது, கட்டரே மேசையை அந்த இடைவெளிக்குள் இழுத்துப் போகும், அதை எந்த நம்பரும் பிடிக்காது. இது அவருக்குத் தெரியாதா? வீடியோ அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது. நேரில் போனால் "பெட்டியைப் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல, பாஸ் ஊர்ல இல்ல". பிரிக்காமல் எப்படி ஐயா மாட்டுவது? 640 வெள்ளி, மோட்டார்கள் வாங்க வைத்திருந்த பணமும் சேர்த்து!

வாங்குகிறவர்கள் உங்கள் கேஜை எடுத்துப் போங்கள், கையில் வாங்குகிற அதே ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள். சி5 என்பது பிட்ச் துல்லியம், ஆட்டம் வேறு விஷயம். இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் "மிஷின் பார்ட்ஸ்" என்று மட்டும்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். சிங்கப்பூரின் ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) 20,000 வெள்ளி வரை, 2 வருடத்துக்குள் போடலாம். நான் இன்று ராத்திரியே போடுகிறேன்.