பியர் டேப் கோபுரம்: பி.வி.சி-யா, இரும்புக் குழாயா, மரப்பெட்டியா?

கெஜரேட்டருக்கு, அதாவது பியர் பீப்பாயை (கெக்) உள்ளே வைத்து டேப் மாட்டிய ஃபிரிட்ஜுக்கு, டேப்பைத் தாங்கும் கோபுரம் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் படங்களைத்தான் பார்க்கிறார்கள். கறுப்பு இரும்புக் குழாயில் ஒன்று, தேக்குப் பலகையில் ஒன்று, பளபளக்கும் செம்பில் ஒன்று. எல்லாமே அழகுதான். ஆனால் தினமும் கிளாஸ் பிடிக்கிறவருக்கு முக்கியமான கேள்வி வேறு: ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற குளிர், டேப் வரைக்கும் ஏறுமா?

தானாக ஏறாது. குளிர்ந்த காற்று கனமானது, அடியிலேயே தங்கிவிடும். கெக் 4 டிகிரியில் இருந்தாலும் அதன் தலைக்கு மேல் நிற்கும் கோபுரம் அறையின் வெப்பநிலையில்தான் இருக்கும். 4 டிகிரியில் 11, 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சமாதானமாகக் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை, 25 டிகிரியில் அதே அளவு கரைந்தே வைத்திருக்க 30 பி.எஸ்.ஐ-க்கு மேல் வேண்டும். அந்த அழுத்தம் அங்கே இல்லை. டேப்பைத் திறந்ததும் வாயு பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது. முதல் கிளாஸ் முழுக்க நுரை.

கோபுரத்துக்குள் நிற்கும் பியர் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 4.8 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 40 செ.மீ. நீளத்துக்கு வெறும் 7 மி.லி. அது மட்டும் சூடாக இருந்தால் ஒரு வாய் நுரையோடு போய்விடும். தொல்லை கொடுப்பது ஷாங்கும் (கோபுரச் சுவரின் ஓட்டை வழியே, பியர் வரும் ஹோஸை டேப்போடு இணைக்கும் உலோகக் குழாய்) டேப்பும். சூடேறிக் கிடக்கும் அந்த உலோகக் கட்டி, பின்னால் வரும் குளிர்ந்த பியரையும் கெடுக்கிறது. ஆகவே கோபுரம் எதில் செய்தாலும் ஷாங்கின் பின்புறம் குளிர்ந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் மதிப்பெண்.

இனி ஒவ்வொன்றாக.

3 அங்குல பி.வி.சி. குழாய்தான் மலிவு, சுலபம். கை ரம்பத்தால் அறுக்கலாம், ஹோல் சா போட்டால் நொடியில் ஓட்டை விழும். பி.வி.சி. வெப்பத்தை அதிகம் கடத்தாது என்பதால் வெளியே வியர்ப்பதும் குறைவு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் பிளாஸ்டிக் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிக்கல் இரண்டு. குழாய் உருண்டை, ஷாங்கின் விளிம்போ தட்டை. நடுவில் குழாயின் வளைவுக்கேற்ற வாஷர் வைக்காமல் நட்டை முறுக்கினால் டேப் ஆடும், நாளாக நாளாக ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். அடுத்தது, உள்ளே இடமில்லை. ஒரு டேப்புக்குப் போதும், இரண்டுக்கு நெருக்கடி. மூன்று என்றால் நினைத்தே பார்க்க வேண்டாம். மேல் மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டை விரல் நுனியால் தேடி இறுக்கும் வேலைக்குத் தனிப் பொறுமை வேண்டும். அதையும் பராமரிப்பின்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும்.

இரும்புக் குழாய்க் கோபுரம் பார்வைக்கு ராஜா, வேலையில் சோம்பேறி. திருகு குழாய், டீ, எல்போ இணைப்புகள், தரை ஃபிளாஞ்ச் (அடித்தட்டு) என்று வாங்கி முறுக்கினால் வெல்டிங்கே இல்லாமல் பட்டறைத் தோற்றம் கிடைத்துவிடும். பியர் உள்ளே இருக்கும் ஹோஸில்தான் ஓடுகிறது, இரும்பைத் தொடுவதில்லை. எனவே சுவை கெடும் என்ற பயம் தேவையற்றது. ஆனால் ஒன்றரை அங்குலக் குழாயின் உள்விட்டம் 40 மி.மீ. அளவுதான். ஷாங்கின் வால், ஹோஸ், அதன் வளைவு எல்லாம் போனபின் குளிர் காக்கும் ஃபோம் சுற்ற இடம் எங்கே? கனத்த இரும்பு அறை வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. ஈரப்பதம் அதிகமுள்ள இடமென்றால் வெளியே வியர்த்துக் கொட்டும், உள்ளே துரு பிடிக்கும். வாரத்தில் ஒருநாள் நாலு பேர் சேர்ந்து தொடர்ந்து ஊற்றிக் குடிக்கிற வீட்டில் இந்தக் குறைகள் தெரியாது. டேப் ஓடிக்கொண்டே இருந்தால் உலோகமும் குளிர்ந்துவிடும். தினம் ஒரு கிளாஸ் என்று பிடிப்பவர், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நுரையைக் கீழே ஊற்றத்தான் வேண்டியிருக்கும்.

செம்பையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. செம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும். அந்தக் குணம் வெளிச்சுவருக்கு ஆகாது, உள்குழாய்க்கு வரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் ஓட்டு மரப்பெட்டிக்கு. 18 மி.மீ. பிளைவுட்டில் பெட்டி, உட்புறம் நாலு பக்கமும் 25 மி.மீ. ஃபோம் ஷீட், மூலைகளில் சிலிக்கான். சுவர் தட்டையாக இருப்பதால் ஷாங்க் கச்சிதமாக உட்காரும். அகலத்தைக் கூட்டினால் நாலு டேப்கூட வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, பின்பலகையை ஸ்க்ரூ போட்டுக் கழற்றும்படி வைக்கலாம். ஹோஸ் மாற்றவோ கசிவு பார்க்கவோ ஐந்து நிமிடம் போதும். இந்த ஒரு வசதிக்காகவே மற்றதையெல்லாம் தள்ளிவிடலாம் என்பேன். கவனிக்க வேண்டியது ஷாங்கின் நீளம்: பலகையும் ஃபோமும் சேர்ந்து 43 மி.மீ. ஆகிவிடுகிறது. குட்டை ஷாங்க் வாங்கினால் நட்டு மாட்ட மறை மிஞ்சாது. நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பதை வாங்குங்கள். மரத்தின் உள்முகத்துக்கும் வார்னிஷ் அடிக்க வேண்டும். வெளியே மட்டும் பளபளப்பாக்கிவிட்டு உள்ளே விட்டால் ஈரம் ஊறிப் பலகை உப்பும், கறுப்புப் பூஞ்சை வரும்.

குளிரை மேலேற்ற இரண்டு வழி. செம்புக் குழாய் ஒன்றை ஹோஸுக்கு உறைபோல மாட்டி, அதன் பாதியாவது ஃபிரிட்ஜுக்குள் தொங்கும்படி விடுவது முதல் வழி. மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, பழுதாக ஒன்றுமில்லை. ஹோஸைக் குளிர்விக்கும், ஷாங்கை ஓரளவுக்குத்தான். ஒற்றை டேப் பி.வி.சி. கோபுரத்துக்கு இது பொருத்தம். இரண்டாவது, பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் 80 மி.மீ. ஃபேனை ஒரு சின்ன டப்பாவில் பொருத்தி, அங்கிருந்து 25 மி.மீ. குழாயை ஷாங்குக்குப் பின்னால் வரை கொண்டுபோவது. காற்று திரும்பி இறங்க வழி இருக்க வேண்டும். கீழ் ஓட்டையை ஹோஸாலும் குழாயாலும் அடைத்துவிட்டு ஃபேன் வேலை செய்யவில்லை என்று புலம்பிப் பயனில்லை. ஃபேன் தரும் வெப்பம் ஓரிரண்டு வாட்தான், ஃபிரிட்ஜ் கண்டுகொள்ளாது. மரப்பெட்டியோடு ஃபேன் சேர்ந்தால் முதல் கிளாஸுக்கும் மூன்றாவது கிளாஸுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஃபோம் சுற்றாத இரும்புக் கோபுரத்தில் அதே ஃபேன் பாதிதான் உதவும், கூடவே வியர்வையையும் அதிகமாக்கும்.

டேப்பில் யோசிக்க அதிகம் இல்லை. குரோம் பூசிய பித்தளை மலிவு, ஆனால் பியர் அமிலத்தன்மை உள்ளது; பூச்சு தேய்ந்ததும் பித்தளை வாடை தட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், முன்பக்கம் மூடும் வகையாக வாங்கினால் உள்ளே பியர் காற்றில் காய்ந்து பசையாகாது. கோபுரத்தில் மிச்சம் பிடித்த காசை இங்கே போடலாம். ஹோஸ் 4.8 மி.மீ. என்றால் 3 மீட்டர் வையுங்கள், மிச்சச் சுருளைக் கெக்கின் தலையில் குளிரிலேயே விடுங்கள். கோபுரத்தின் உயரம் 30 செ.மீ-க்கு அரை பி.எஸ்.ஐ. கூடத் தின்னாது என்பதால் அதற்காக ஹோஸைக் குறைக்க வேண்டாம்.

கோபுரமே வேண்டாம் என்கிற நாலாவது கட்சியும் உண்டு: ஃபிரிட்ஜ் கதவிலேயே ஷாங்கை மாட்டிவிடுவது. நேர்மையாகச் சொன்னால் குளிர் விஷயத்தில் எந்தக் கோபுரமும் இதனிடம் நிற்காது. ஷாங்கின் வால் ஃபிரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது, ஃபேன் தேவையில்லை, செலவும் ஒரு ஓட்டைதான். உயரமான ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர் கோபுரம் கட்டினால் அது ஆசைக்காக மட்டுமே. இடுப்பளவு குட்டை ஃபிரிட்ஜில் கதவு டேப் குனிந்து பிடிக்கிற உயரத்தில் வரும், அங்கேதான் கோபுரத்துக்கு உண்மையான வேலை.

குட்டை ஃபிரிட்ஜின் மேல்தளத்தில் ஓட்டை போடும் முன் ஒரு எச்சரிக்கை. சில மாடல்களில் குளிர்வாயுக் குழாய்கள் அந்தத் தளத்துக்குள்ளேயே ஓடும், இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது தீப்பற்றக்கூடிய ஆர்-600ஏ வாயு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெளித்தகட்டை மட்டும் முதலில் வெட்டி, அடியிலுள்ள ஃபோமைக் கையால் நோண்டிப் பார்த்த பிறகே உள் பிளாஸ்டிக்கைத் துளையுங்கள். அந்தத் தகடு மெல்லியது; டேப்பை இழுக்கும் விசையைத் தாங்காது. உள்பக்கம் ஒரு பிளைவுட் துண்டை வைத்து, போல்ட் அதையும் சேர்த்துப் பிடிக்கும்படி முறுக்க வேண்டும். இரும்புக் கோபுரம் என்றால் அந்தத் துண்டு மேல்தளத்தின் அகலம் முழுக்க வரட்டும்.