கடைசி வார்த்தை யாருடையது? கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே: ஓர் ஒப்பீடு

பாட்டியைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே பேச்சு தொடங்கிவிட்டது. அத்தை கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், நாற்பது வருடமாகச் சாந்தோமில் பூசை பார்க்கிறவர். முப்பதாம் நாள் அம்மாவுக்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்றார். அப்பா சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. "நன்றி ஆராதனை வைப்போம்மா, ஆனா செத்தவங்களுக்காக ஜெபம் பண்ற வழக்கம் நமக்கு இல்லையே" என்று தயங்கினார். பத்து வருடமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற சித்தப்பா மகன் நேராகவே கேட்டான்: "அத்தை, வசனம் எங்க இருக்கு?"

அத்தை அசரவில்லை. "மக்கபேயர் ரெண்டாம் புத்தகம், பன்னிரண்டாம் அதிகாரம். செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணினது அதுல இருக்கு. எடுத்துப் பாருடா."

அவன் தன் வேதாகமத்தைப் புரட்டினான். மல்கியா முடிந்ததும் மத்தேயு. அந்தப் புத்தகமே அதில் இல்லை.

1519-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில், சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கும் எக் என்ற கத்தோலிக்க அறிஞருக்கும் நடந்த வாதத்திலும் இதே மக்கபேயர் வந்தது. இறந்தவர்கள் பரலோகம் போகுமுன் தூய்மையாகிற உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஆதாரமாக எக் அதைக் காட்ட, அது திருமுறை நூலே இல்லை என்றார் லூத்தர். ஐந்நூறு வருடம் கழித்து எங்கள் வீட்டுக் கூடத்தில் அதே இடத்தில் வந்து நின்றோம். வேதம் கடவுளுடைய வார்த்தை என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகமே கிடையாது. எது வேதம், அதற்கு இதுதான் அர்த்தம் என்று முடித்து வைப்பது யார் என்பதில்தான் பிரிகிறார்கள்.

முதலில் அந்தப் பட்டியல். கத்தோலிக்கருக்கு 73 புத்தகம், நமக்கு 66. 393-இல் ஹிப்போவிலும் 397-இல் கார்த்தேஜிலும் கூடிய வட்டாரச் சங்கங்கள் ஏற்ற பட்டியலைத்தான் 1546-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் இறுதியாக உறுதி செய்தது. லூத்தர் அந்த நூல்களைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. 1534-இல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் வேதாகமத்தில் அவை தனிப் பகுதியாக இருந்தன. வாசிக்க நல்லவை, ஆனால் வேதத்துக்குச் சமமல்ல என்பது அவர் நிலை. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் ஆறாவதும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. 1826-இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இந்த நூல்களை அச்சிடப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. அப்படித்தான் நம்மவர்கள் கையிலிருந்து அவை மெல்ல நழுவின.

இதில் தம்பியின் கேள்வி அவனுக்கே திரும்பி வருகிறது. 66 புத்தகம்தான் என்று எந்த வசனத்தில் இருக்கிறது? எங்கேயும் இல்லை. சபை சொன்னதால்தான், அதுவும் ஒரு சபைப் பாரம்பரியம் சொன்னதால்தான், அந்தப் பட்டியல் நம் கையில் இருக்கிறது. நான் சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவன், இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

கத்தோலிக்கத்தில் இதற்கு விடை தெளிவு: வேதம், மரபு, இரண்டுக்கும் அர்த்தம் சொல்லும் திருச்சபையின் ஆசிரியம், மூன்றும் சேர்ந்தே நிற்கும். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு இதைச் சொல்கிறது, கூடவே அந்த ஆசிரியம் இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணி செய்வது என்றும் சொல்கிறது. போப் சொன்னதெல்லாம் தவறாதது என்று நம் ஆட்கள் கேலி பேசுவது நியாயமில்லை. விசுவாசக் கோட்பாட்டை முறைப்படி அறிவிக்கும்போது போப் தவறமாட்டார் என்கிற தவறாவரம் 1870-இல் வரையறுக்கப்பட்டது. அதன்பின் அந்த முறையில் ஒரு போப் அறிவித்த கோட்பாடு, 1950-இல் வந்த மாதாவின் விண்ணேற்பு ஒன்றுதான். ஆகஸ்டு 15-ஐ மாதா திருநாளாக மக்கள் கொண்டாடியது அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே. முதலில் ஜெபம், கோட்பாடு பிறகு. இதைப் புரிந்துகொண்டால் அத்தையின் முப்பதாம் நாள் பூசையும் புரியும்.

இந்த அமைப்பின் பலம் நிலைத்திருப்பது. பலவீனமும் அதுவேதான் என்று நினைக்கிறேன். பெண்களுக்குக் குருத்துவம் தரத் திருச்சபைக்கே அதிகாரம் இல்லை என்று 1994-இல் இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். அதன்பின் கேள்வி கேட்பவருக்குப் போக இடமில்லை.

சி.எஸ்.ஐ. வேறு மாதிரி. 1947 செப்டம்பர் 27, கதீட்ரல் ரோட்டில் இருக்கிற தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், அதற்கு முன்பே ஒன்றாகியிருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் எல்லாரும் ஒரே சபையானார்கள். பிஷப்மார் வேண்டும் என்பவரையும் பிஷப்பே வேண்டாம் என்பவரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமைதான். அங்கே வேதம் உச்சம், விசுவாசப் பிரமாணங்கள் அதற்கு அடுத்து, நடைமுறையில் சினாடு என்ற சபைப் பேரவை கூடி, பேசி, வாக்கெடுத்து முடிவு செய்யும். பெண்களுக்கு ஆயர் அபிஷேகம் அப்படித்தான் வந்தது, 2013-இல் நந்தியாலில் முதல் பெண் பேராயரும் வந்தார். திருத்திக்கொள்ள முடிகிற அதிகாரம் இது. ஆனால் வாக்கு என்று வந்தால் கோஷ்டியும் வரும், பெரும்பான்மை எப்போதும் உண்மையின் பக்கம் இருக்காது. (ஒரு குழப்பம்: நம்மிடம் ஆயர் என்றால் குருவானவர், கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் பிஷப். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

லுத்தரன்காரர்கள் எங்களைவிட இறுக்கம். புரசைவாக்கம் அடைக்கலநாதர் ஆலயத்தில் பிரசங்கிப்பவருக்கு 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் லூத்தரின் ஞானோபதேசமும் வரம்பு. அந்த வரம்பு ஒரு பாதுகாப்பு.

பெந்தெகொஸ்தேயில் பேச்சளவில் வேதமும் ஆவியானவரும் மட்டுமே, நடுவில் யாரும் இல்லை. அதனால் வந்த நன்மையை நான் கண்ணால் பார்க்கிறேன்: தம்பி அதிகாரம், வசனம் எண்ணோடு சொல்வான், நானோ ஞாயிற்றுக்கிழமைப் பாடம் வாசிப்பதோடு சரி. ஆனால் நடைமுறையில் பல இடங்களில் பாஸ்டர் சொல்வதே கடைசி. அவர் தவறினால் மேலே முறையிட ஆள் இல்லை, சபை இரண்டாக உடையும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடவும் கூடாது. அசெம்பிளிஸ் ஆஃப் காட் போன்றவற்றுக்கு மேலமைப்பு உண்டு. இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட தி பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியக்காரர்கள் திருமணம் செய்யாமல் விசுவாச வீடுகளில் வாழ்கிறார்கள், அங்கே ஒழுங்கு மிகக் கண்டிப்பு.

வித்தியாசம் ரொம்ப வலிப்பது ஞானஸ்நானத்தில்தான். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் லுத்தரன்களும் குழந்தைக்கே கொடுப்பார்கள், சி.எஸ்.ஐ.யில் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்றே கொள்கிறது, இரண்டாம் முறை கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தேயில் விசுவாசித்த பிறகு முழுக்கு, அதுதான் கணக்கு. இருபத்து நான்கு வயதில் தம்பி தண்ணீரில் இறங்கிய அன்று சித்தப்பா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "அப்போ நாங்க உனக்குக் குடுத்தது என்னடா?" என்று மட்டும் கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை.

ஆர்த்தடாக்ஸ் பற்றிச் சுருக்கமாக: சென்னையில் உள்ள மலங்கரைக்காரர்கள், அதாவது கேரள மரபு ஆர்த்தடாக்ஸ் சபையார், நிக்கேயா, கான்ஸ்டான்டிநோபிள், எபேசு என்ற மூன்று பொதுச் சங்கங்களை மட்டும் ஏற்பவர்கள், 451-இன் கல்செதோன் சங்கம் அவர்களுக்கு இல்லை. போப் கிடையாது, வசனச் சண்டையும் குறைவு. பிதாக்கள் ஜெபித்த வழிபாட்டில் இருப்பதே உபதேசம்.

அன்று ராத்திரி அத்தை தம்பியிடம் இன்னொன்று கேட்டார். "தோமையார் மெட்ராசுக்கு வந்தாருன்னு நம்புறியா?" நம்புகிறான். சபைக்கு வருகிற வெளியூர்க்காரர்களைப் பரங்கிமலைக்குக் கூட்டிப்போய் அப்போஸ்தலர் ரத்தம் சிந்திய மண் என்று காட்டுபவனே அவன்தான். "அதுக்கு வசனம் எங்க இருக்கு?" வேதத்தில் தோமா இந்தியாவுக்கு வந்ததாக ஒரு வரி இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது மட்டும்தான். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அது சரித்திரம், உபதேசம் இல்லை, அதை நம்பாவிட்டால் யாருக்கும் ரட்சிப்பு போகாது என்றான். நல்ல பதில்தான், இரண்டும் ஒன்றல்ல. அத்தையும் மறுக்கவில்லை.

மூன்றில் எதில் இருப்பேன் என்றால், நான் சி.எஸ்.ஐ.யில்தான் இருப்பேன். தவறிவிட்டோம் என்று சொல்லித் திருத்திக்கொள்ள ஒரு சபைக்கு வழி வேண்டும், அது இங்கே இருக்கிறது. ஆனால் பாட்டிக்காக ஜெபிக்கக் கூடாது என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முப்பதாம் நாள் சாந்தோமில் பூசை நடந்தது. அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தம்பி உள்ளே வரவில்லை, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான். வெளியே வந்ததும் அத்தையிடம், "அந்த அதிகாரத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்க அத்தை, முழுசாப் படிக்கணும்" என்றான்.