வாயுவிலிருந்து படலம்: எக்ஸைமரா, கார்பன் டை ஆக்சைடா?

தஞ்சாவூரில் எங்கள் ஆய்வகத்துக்கு லேசர் வாங்கியபோது புற ஊதா ஒளி தரும் எக்ஸைமர் லேசர், அகச்சிவப்பு ஒளி தரும் கார்பன் டை ஆக்சைடு லேசர், இந்த இரண்டில் ஒன்று என்று வந்து நின்றது. வேலை ஒன்றுதான்: டைட்டானியம் ஐசோப்ரொபாக்சைடு என்ற டைட்டானியச் சேர்மத்தின் ஆவியை வேக்யூம் அறைக்குள் விட்டு, லேசரால் சிதைத்து, நானோ அளவு மணிகளாலான டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தைப் படியவைப்பது. நான் கார்பன் டை ஆக்சைடு லேசரை எடுத்தேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

எக்ஸைமரின் பெருமையை மறுக்க முடியாது. 193 நானோமீட்டர் ஒளியில் ஒரு போட்டானுக்கு, அதாவது ஒளித்துகளுக்கு, 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். மூலக்கூற்றின் பிணைப்பை நேராகவே அறுத்துவிடும், படலம் படியும் அடித்தளம் சூடாக வேண்டியதில்லை. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியில் அது வெறும் 0.12. சூடு காட்டித்தான் வேலை வாங்க வேண்டும். கண்ணாடி அந்த ஒளியை விழுங்கிச் சூடாவது எங்களுக்கு வசதி, ஆனால் சாதாரண ஸ்லைடுகள் படபடவென்று விரிசல் விட்டன. அப்புறம் குவார்ட்ஸுக்கு மாறினோம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. எக்ஸைமரின் உள்ளே ஆர்கான், ஃபுளோரின், நியான் கலவை. ஓட ஓட ஃபுளோரின் குறையும், ஒளி மங்கும், பழையதை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். ஃபுளோரினோ கொடிய விஷம்: தனி அலமாரி, கசிவு அலாரம், வெளியேறும் வாயுவைச் சுத்திகரிக்க ஏற்பாடு. தீர்ந்தால் கடைத்தெருவில் வாங்கிவரும் சரக்கா அது? எங்கள் லேசரில் வாயு குழாய்க்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. திறன் குறைந்தால் குழாயையே மாற்றுவதோடு சரி.

போதாக்குறைக்கு, எக்ஸைமரில் ஒளி போகும் வழியெல்லாம் ஆவி சிதைவதால், ஒளி அறைக்குள் நுழையும் ஜன்னலிலும் படலம் ஏறிக்கொள்ளும். எங்கள் ஜிங்க் செலினைடு ஜன்னலுக்கு ஆர்கானை ஊதிவிட்டாலே பெரும்பாலும் போதுகிறது.

எங்கள் லேசருக்கும் தொல்லை உண்டு, அது குளிர்விக்கும் தண்ணீரில். போர்த் தண்ணீர் ஆகாது, தண்ணீரைக் குளிர்வித்து லேசர் குழாய்க்கு அனுப்பும் சில்லருக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். முதல் ஐப்பசி அடைமழையில் சில்லரை 18 டிகிரியில் வைத்தேன். லேசர் குழாய் முழுக்க வியர்த்து, உயர் மின்னழுத்த முனையில் பொறி பறந்தது. இப்போது ஏசியை ஒரு மணி நேரம் முன்பே போட்டு, 26 டிகிரியில் ஓட்டுகிறேன். திறன் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

எக்ஸைமரை நான் வேறோர் ஆய்வகத்தில் ஒரே ஒரு வாரம்தான் ஓட்டியிருக்கிறேன், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தாள் மேல் படலம் கேட்டு வருபவர்களை இப்போதும் அங்கேதான் அனுப்புகிறேன்.